விலையை யார் கொடுப்பது

ஒரு கிளாஸ் பலமானதா, பலவீனமானதா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தப் பலத்துக்கு விலை கொடுப்பது யார் என்பதைத்தான். அதை ஆடுபவரே கொடுத்தால் எவ்வளவு பெரிய பலத்துக்கும் ஒரு வழி பண்ணிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொடுக்கிறார் என்றால் சின்னப் பலம்கூட ஒரு மாதத்தில் மேசையைக் கலைத்துவிடும். இத்தனை வருடமாக மற்றவர்களின் கிளாஸ்களைத் திருத்தித் தந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். துணிந்த காரியம் பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். பாத்திரத்தின் தொழிலும் பயிற்சியும் சேர்ந்தது கிளாஸ். ஃபைட்டர், விஸார்ட், கிளெரிக், ரோக் என்று 2014இல் வந்த விதிப்புத்தகத்தில் 12 உண்டு. அந்தப் பன்னிரண்டும் போதாமல் சொந்தமாக ஒன்றை எழுதிக்கொண்டு வருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஹோம்ப்ரூ என்பார்கள். அந்த வரைவுகளை வாங்கிப் படித்து, கணக்குப் போட்டு, ஆடிப்பார்த்து, திருத்திக் கொடுப்பது என் பக்கத்தொழில். சம்பளம் வருவது குருபரப்பள்ளி சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் புரொடக்‌ஷன் பிளானிங்கில்.

குருபரப்பள்ளி தெரியாதவர்கள் நெடுஞ்சாலையில் கடந்துபோயிருப்பார்கள். கிருஷ்ணகிரியை விட்டு ஓசூர் போகும் வழியில், சூளகிரிக்கு முன்னால். ஒருபக்கம் மாந்தோப்பு, ஒருபக்கம் ஷெட்டு. ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறினால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வரும். எங்கள் மேசையும் அப்படித்தான். அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் பர்கூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி, மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதும் நண்பர், ஆனேக்கல்லிலிருந்து பைக்கில் வரும் கன்னடக்காரர், பெயின்ட் ஷாப்பில் இருக்கும் பெரியவர் ஒருவர். ஞாயிறு சாயங்காலம் என் மாடி அறையில் கூடுவோம். எவர்சில்வர் தாம்பாளத்தில் துண்டை விரித்து அதில்தான் பகடை உருட்டுவோம். துண்டு இல்லாவிட்டால் கீழ்வீட்டில் குழந்தை எழுந்துவிடும்.

ஆறு நாள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரு சாயங்காலத்தை இதற்குக் கொடுக்கிறார்கள். அதனால்தான் ஒரு கிளாஸை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. என் பகல் வேலையில் லைன் பேலன்சிங் என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்டேஷனில் இருப்பவரின் வேலையைக் குறைத்து அவரை வேகமாக்கினால், அடுத்த ஸ்டேஷனில் சரக்கு குவியும். குவிந்ததைச் சுமப்பது அடுத்த ஆள். கிளாஸ் எழுதுபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஸ்டேஷனை மட்டும் பார்க்கிறார்கள்.

முதலில் கணக்கு. கணக்கு மட்டும் போதாது, ஆனால் கணக்கில்லாமல் பேச ஆரம்பித்தால் பேச்சு சண்டையில்தான் முடியும். ஐந்தாம் லெவலை அளவுகோலாக வைத்துக்கொள்வேன். அந்த லெவலில்தான் ஃபைட்டருக்கு ஒரு முறையில் இரண்டு அடி கிடைக்கிறது, விஸார்டுக்கு ஃபயர்பால் கிடைக்கிறது. பெரிய வாள் பிடித்த ஃபைட்டரை எடுங்கள். இரண்டு ஆறுமுகப் பகடையின் சராசரி 7, வலிமைக்கு 4, ஆக ஓர் அடிக்கு 11. எதிரி மேல் அடி பட எட்டவேண்டிய எண், அதாவது ஆர்மர் கிளாஸ், 15, நம் கூட்டல் 7 என்றால் பகடையில் 8 அல்லது அதற்குமேல் விழவேண்டும், அதாவது 65 சதவீதம். இரண்டு அடிக்கும் சேர்த்து சராசரி 14.3. பகடையில் நேராக 20 விழும்போது கிடைக்கும் கூடுதலைச் சேர்த்தால் 15. இதே ஃபைட்டருக்கு எதிரே ரோக்கை வைத்தால், குறுவில்லும் ஸ்னீக் அட்டாக்கும் சேர்ந்து சாதாரணமாக 12 சொச்சம். மறைந்திருந்து அட்வான்டேஜ் வாங்கினால் 17. அட்வான்டேஜ் என்பது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. விஸார்டின் ஃபயர்பால் எட்டுப் பகடை, சராசரி 28, அதுவும் வட்டத்துக்குள் நிற்கும் எல்லார் மேலும். ஆனால் ஐந்தாம் லெவலில் அதை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சின்ன ஓய்வில் ஒன்றை மீட்டுக்கொண்டால் மூன்று தடவைதான் போடமுடியும்.

இந்த நாலு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் வருகிற வரைவு எந்த இடத்தில் உட்காருகிறது என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம். எந்தச் செலவும் இல்லாமல் ஒவ்வொரு முறையும் 25 அடிக்கிற கிளாஸ் வந்தால் திருப்பி அனுப்ப யோசிக்கவே வேண்டாம். கஷ்டம் இங்கே இல்லை. கணக்கில் எல்லாம் சரியாக இருந்து, மேசையில் மட்டும் சரியில்லாமல் போகிற கிளாஸ்தான் கஷ்டம்.

இந்த ஆட்டத்தின் சரித்திரத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் ஆட்டத்தை வெளியிட்டபோது இருந்தவை மூன்றே கிளாஸ்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். இந்தக் கிளெரிக்கே ஒரு மேசையின் தேவையில் பிறந்தவர்தான். ஆர்னிசனின் மேசையில் ஒருவர் சர் ஃபேங் என்ற ரத்தக்காட்டேரியாக ஆடிக்கொண்டிருந்தார். அவரை யாராலும் அடக்க முடியவில்லை. அவருக்கு எதிராக நிற்க ஒருவர் வேண்டும் என்று உண்டானவர்தான் பேய்பிசாசை விரட்டும் பூசாரி. ஒருவரின் பலத்துக்கு விலையை மற்ற எல்லாரும் கொடுத்துக்கொண்டிருந்த மேசையைச் சரிசெய்யப் பிறந்த கிளாஸ் அது. அதனால் எனக்குக் கிளெரிக் மேல் தனி மரியாதை.

திருடன் அப்படியில்லை. கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்த யோசனை அது. 1975இல் வந்த கிரேஹாக் இணைப்பில் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. பூட்டைத் திறக்க, சத்தமில்லாமல் நடக்க, சுவரேற, பொறியை அகற்ற இத்தனை சதவீதம் என்று பட்டியல். சண்டையில் அது எளிய கிளாஸ், எண்ணைப் பார்த்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அதுவரை சுவரேறவேண்டும் என்றால் எந்தப் பாத்திரமும் ஏறிப் பார்க்கும். எப்படி ஏறுகிறேன் என்று ஆட்டக்காரர் விவரித்துச் சொல்வார், டிஎம் தீர்ப்புச் சொல்வார். திருடனுக்கென்று எண் வந்த பிறகு, அந்த எண் இல்லாத மற்றவர்களுக்கு அந்த வேலை வராது என்று மேசைகள் எடுத்துக்கொண்டன. திருடன் வாங்கிய வரத்துக்கு விலை கொடுத்தது மற்ற மூவர். பழைய ஆட்டக்காரர்கள் இதை இன்றைக்கும் சொல்லி ஆற்றாமைப்படுவார்கள். நானும் அவர்கள் கட்சிதான். புது வரைவில் ‘இந்தக் கிளாஸால் மட்டுமே முடியும்’ என்ற வரி கண்ணில் பட்டால், நேற்றுவரை அதை யார் செய்துகொண்டிருந்தார் என்று கேட்டு ஓரத்தில் எழுதிவிடுவேன்.

பழைய விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு நேர்மையும் உண்டு. இரண்டாம் லெவலுக்குப் போகச் சண்டைக்காரனுக்கு 2000 அனுபவப் புள்ளி, மந்திரவாதிக்கு 2500, கிளெரிக்குக்கு 1500. மந்திரவாதி பின்னால் மலையைப் பெயர்க்கப்போகிறவன், அதனால் மெதுவாக ஏறட்டும் என்ற கணக்கு. விலை அவன் கையிலிருந்தே போகிறது. 2000இல் மூன்றாம் பதிப்பு எல்லாருக்கும் ஒரே ஏணி என்று ஆக்கிவிட்டது. 2008இல் நான்காம் பதிப்பு இன்னொரு எல்லைக்குப் போனது. எல்லாக் கிளாஸுக்கும் ஒரே கட்டுமானம்: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளைக்கு ஒருமுறை. எண்ணளவில் அதைப்போல் நிறைகுறை பார்த்துக் கட்டிய பதிப்பு வேறில்லை. ஆனால் வாளும் மந்திரமும் கையில் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் விலகிப்போனார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு சோறு போட்டால் பந்தி முடிந்துவிடுமா?

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். இந்த ஆட்டத்துக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. பாலிகானப்பள்ளியில் 1997இல் தொடங்கிய சாந்தி பவன் உறைவிடப் பள்ளியைப் பலருக்குத் தெரியும். நெட்ஃபிளிக்ஸில் 2017இல் அதைப் பற்றி ‘டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ என்ற ஆவணத்தொடர் வந்தது. அதைத் தொடங்கிய ஆபிரகாம் ஜார்ஜின் மகன் அஜித் ஜார்ஜ், அந்தப் பள்ளியின் பணியிலும் ஈடுபட்டவர். அவரே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எழுத்தாளரும்கூட. 2021இல் வந்த ரேவன்லாஃப்ட் புத்தகத்தில் கலகேரி என்ற இந்தியச் சாயல் கொண்ட நாட்டை எழுதியவர் அவர்தான். 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்’ தொகுப்பைத் தலைமையேற்று நடத்திய இருவரில் ஒருவர். அதில் 13 சாகசங்கள். வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் தங்கள் மண்ணின் நினைவிலிருந்து எழுதியவை. கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதிய ‘இன் த மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’வும் அதில் உண்டு. ஆற்றங்கரையும் ஈரமும் நம் ஊர்ப் பெயர்களும் இந்த ஆட்டத்துக்குள் வந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சின்னதில்லை.

அந்தப் புத்தகம் தந்தது கதைகளையும் ஊர்களையும். கிளாஸ்களை நாம்தான் எழுதவேண்டும். அந்த ஆசையில் பர்கூர்த் தம்பி எழுதிக்கொண்டுவந்ததுதான் கரந்தை வீரன்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நடுகல் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஏரிக்கரையில் நிற்கும், புளியமரத்தடியில் நிற்கும், வேடியப்பன் என்று பொட்டு வைத்துப் பொங்கல் வைப்பார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. மாடு கவர வந்தவனோடு சண்டைபோட்டு ஊர் மாட்டை மீட்டுச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், இவர்களுக்கு எடுத்த கல். ஆநிரை மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித் திணையாகவே வைக்கிறது. தம்பி கிளாஸின் உயிரை அங்கேயிருந்து எடுத்திருந்தான். எனக்கு அந்த வரைவைப் படிக்கும்போதே மேல் சிலிர்த்தது.

அவன் எழுதியிருந்த மையச் சக்தி இது. கரந்தை வீரன் தன் உயிர்ப்பலமான ஹிட் பாயின்ட் பூஜ்யமாகி விழுந்தால், விழுந்த இடத்தில் கல் எழும். 30 அடிக்குள் நிற்கும் தோழர்கள் எல்லாருக்கும் ஒரு நிமிடத்துக்கு, அதாவது பத்துச் சுற்றுக்கு, தாக்குதலில் அட்வான்டேஜ்.

படிக்க அழகாக இருக்கிறது. கணக்குப் போடுவோம். 65 சதவீதம் படுகிற அடி அட்வான்டேஜ் கிடைத்தால் 87.75 சதவீதம் படும். மற்ற நால்வரும் சேர்ந்து சுற்றுக்குச் சராசரி 50 அடிக்கிறார்கள் என்றால் அது 67.5 ஆகிறது. கூடுதல் 17.5. கரந்தை வீரன் நின்று சண்டைபோட்டால் அவன் பங்கு 15. ஆக, இவன் எழுந்து நிற்பதைவிட விழுந்து கிடப்பது கட்சிக்கு லாபம்.

கணக்கு சொன்னதை மேசை அடுத்த ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. ரோக் ஆடும் ஆனேக்கல்காரர் இரண்டாவது சண்டையில் எட்டிப் பார்த்தார். “குரு, இவன் செத்தா நமக்கு நல்லது. நானே தள்ளிவிட்டுடவா?” எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். கிளெரிக் ஆடும் தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஹீலிங் வேர்ட் என்ற மந்திரத்தால் அவனை எழுப்பிக்கொண்டே இருந்தாள். 60 அடி தூரத்திலிருந்து சொல்லலாம், போனஸ் ஆக்‌ஷன் போதும், நாலுமுகப் பகடை ஒன்றும் கொஞ்சம் கூட்டலும். எழுந்தவன் எதிரி முன்னால் போய் நிற்பான், விழுவான், புதுக் கல் எழும், பத்துச் சுற்று மறுபடி ஆரம்பிக்கும்.

“அண்ணா, இந்த ஆட்டத்துல நான் என்ன பண்றேன்னே எனக்குத் தெரியலண்ணா. அவன் விழறான், நான் எழுப்புறேன். அவன் விழறான், நான் எழுப்புறேன்.”

“அக்கா, அதான் டீம்வொர்க்கு.”

“நீ விழறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியாடா?”

அவள் சொன்னதில் எல்லாம் இருந்தது. ஐந்தாம் லெவல் கிளெரிக்கிடம் முதல் நிலை மந்திரம் போட ஸ்பெல் ஸ்லாட் நாலு உண்டு. அந்த நாலையும் அன்றைக்கு அவன் சக்திக்கே செலவழித்திருந்தாள். அந்த நிலையில் அவள் நினைத்துவைத்திருந்த வேறு மந்திரம் எதையும் போட வழியில்லை. எண்ணில் பார்த்தால் கட்சி ஜெயித்தது. வாரம் முழுக்கக் காத்திருந்து வந்த ஒருத்தி, இன்னொருவனின் வீரத்துக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள்.

திருத்த உட்கார்ந்தபோது தம்பிக்கு ஒரே கவலைதான். “கல்லை விட்டுடாதீங்கண்ணா.” அதை விடுகிற எண்ணம் எனக்கும் இல்லை. திருத்துகிறேன் என்று ஒரு கிளாஸின் உயிரை எடுத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பான எண்கள் இருக்கும், யாருக்கும் ஆடத் தோன்றாது. கல் இருக்கவேண்டும். அதற்கான பில் கிளெரிக்கிடம் போகாமல் இவனிடமே வரவேண்டும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் லெவலுக்கு ஒன்றாக ஹிட் டைஸ் உண்டு. சின்ன ஓய்வில் அவற்றை உருட்டித் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளலாம். 2014 விதிப்படி இரவு முழு ஓய்வுக்குப் பிறகு பாதிதான் திரும்பி வரும். கரந்தை வீரன் தன் பத்துமுகப் பகடையில் ஒன்றைச் செலவழித்துக் கல்லை நடுகிறான் என்று மாற்றினோம். விழத் தேவையில்லை. வஞ்சினம் சொல்லி நடுகிறான். கல்லைச் சுற்றி 10 அடிக்குள் நிற்கும் தோழர்களுக்குத் தாக்குதலில் ஒரு நாலுமுகப் பகடை கூடும். இதற்கு அளவுகோல் கையிலேயே இருந்தது. பிளெஸ் என்ற முதல் நிலை மந்திரம் மூவருக்கு இதையேதான் தருகிறது. நாலுமுகப் பகடையின் சராசரி 2.5, அதாவது 12.5 சதவீதம். கட்சியின் 50 ஏறத்தாழ 60 ஆகும். வீரன் கல்லை விட்டு 10 அடிக்கு மேல் விலகினால் பலன் நின்றுவிடும். ஊர் மாட்டைக் காக்க நின்றவன் இடத்தை விட்டு ஓடமாட்டான் அல்லவா, அதனால் இந்தக் கட்டுப்பாடு கதைக்கும் பொருந்திவந்தது.

விழுந்தால்? கல்லின் பகடை நாலுமுகத்திலிருந்து ஆறுமுகமாகும். ஆனால் அவனை யார் எழுப்பினாலும் எழும்போது அவனுக்கு ஒரு படி எக்ஸாஷன், அதாவது களைப்பு, ஏறும். முதல் படியில் எல்லாத் திறன் சோதனையும் தடுமாறும், மூன்றாம் படியில் வாளும் தடுமாறும், ஆறாம் படியில் சாவு. ஒரு முழு ஓய்வுக்கு ஒரு படிதான் இறங்கும். இப்போது அவன் விழுவதற்கு முன்னால் யோசிக்கிறான். கிளெரிக்கும் அவனை எழுப்ப வேண்டுமா என்று அவனைக் கேட்கிறாள். அப்படி ஒரு பேச்சு மேசையில் நடப்பதே ஆட்டத்துக்கு நல்லது.

தம்பி விடவில்லை. “ஆனா அண்ணா, நடுகல்லுன்னா ஆள் சாகணும்ல? சாகாம ஏதுண்ணா கல்லு?”

நியாயமான கேள்வி. அதற்காகவே ஒரு வரி சேர்த்தோம், கிளாஸில் எனக்கு மிகப் பிடித்த வரியும் அதுதான். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைக் காத்து நிற்கையில் கரந்தை வீரன் மீளாமல் செத்துப்போனால், அந்த உலகில் அந்த இடத்தில் கல் நிரந்தரமாக நிற்கும். அதன் அருகில் இரவு தங்குகிற எவருக்கும் மறுநாள் ஒருமுறை, எந்தச் சோதனையிலும், ஒரு ஆறுமுகப் பகடை. இதை எடைபோட எனக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. கொடுத்த விலை முழுப் பாத்திரம். ஐந்தாம் லெவலுக்குக் கீழே இது செல்லாது என்று மட்டும் வைத்தோம், இல்லாவிட்டால் கல்லுக்காகவே ஆள் செய்துகொண்டு வருவார்கள்.

தன் விலையைத் தானே கொடுக்கும் கிளாஸுக்கு உலகம் அறிந்த உதாரணம் புகழ்பெற்ற டிஎம் மேத்யூ மெர்சர் எழுதிய பிளட் ஹன்டர். அதுவும் ஹோம்ப்ரூவாகப் பிறந்ததுதான். சொந்த ரத்தத்தைச் சிந்தி, அதாவது தன் ஹிட் பாயின்டைக் கொடுத்து, ஆயுதத்துக்குப் பலம் ஏற்றுவான். எதிர்ப்பக்க உதாரணம், ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே 2017இல் சோதனைக்கு விட்ட மிஸ்டிக். அடிக்கவும் தெரியும், குணப்படுத்தவும் தெரியும், ஒளியவும் தெரியும், மனதைப் படிக்கவும் தெரியும். மேசையில் எல்லாருடைய வேலையையும் ஒருவரே பார்த்துவிடுவார். அது கடைசிவரை புத்தகமாகவில்லை. 2020இல் வந்த டாஷா புத்தகத்தில் மனோசக்தியைப் பிரித்து மற்றக் கிளாஸ்களின் கிளைகளாகக் கொடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

விலை எப்போதும் ரத்தமாகவோ மந்திரமாகவோ இருப்பதில்லை. பல சமயம் அது நேரம். மாங்கூழ் ஆலை நண்பர் எழுதிய கட்டியங்காரன் அப்படிப்பட்டது. பாரதக் கூத்தில் ராஜா பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து ஒரு வார்த்தை விடுவானே, அவன்தான். யார் பகடை உருட்டினாலும் இவன் குறுக்கிட்டு மறுபடி உருட்டச் சொல்லலாம், ஒவ்வொருவர் முறையிலும் ஒருமுறை. எண்ணில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் ஒவ்வொரு பகடைக்கும் எல்லாரும் நிமிர்ந்து அவரைப் பார்ப்பார்கள், அவர் யோசிப்பார், உருட்டியவர் காத்திருப்பார். பெயின்ட் ஷாப் பெரியவர் தன் முறை வருவதற்குள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். ஆறு நாள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்த மனிதர்.

இதற்கு மருந்து, பார்ட் என்ற பாடகர் கிளாஸின் இன்ஸ்பிரேஷனில் இருக்கிறது. பார்ட் தன் முறையிலேயே ஒரு பகடையைத் தோழரிடம் கொடுத்துவிடுகிறார். எப்போது உருட்டுவது என்று முடிவெடுப்பவர் அதை வாங்கியவர். முடிவு கைமாறியதும் காத்திருப்பு போய்விடுகிறது. கட்டியங்காரனையும் அப்படித்தான் மாற்றினேன். தன் முறையில் ஒரு வசனம் சொல்லி ஒருவரிடம் ஒரு ‘குறுக்கீட்டை’க் கொடுக்கிறான். எதிரியின் முறையில் மட்டும், சுற்றுக்கு ஒன்றே ஒன்றான ரியாக்‌ஷனைச் செலவழித்து அவனே நேராகப் புகலாம். நண்பருக்கு முதலில் வருத்தம். வசனத்தை அவர் சொந்தமாகக் கட்டிச் சொல்ல ஆரம்பித்த பிறகு, பெரியவர் தூங்குவதில்லை.

வரைவு அனுப்புபவர்களிடம் நான் கட்டாயம் கேட்கும் இன்னொன்று, உங்கள் மேசை ஒரு ஆட்டநாளில் எத்தனை சண்டை பார்க்கும் என்பது. 2014ஆம் ஆண்டு டிஎம் புத்தகம் ஒரு முழு ஓய்வுக்கு முன் ஆறிலிருந்து எட்டு மோதல் என்று கணக்கு வைத்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் மேசையில் மூன்று மணி நேரத்தில் இரண்டு சண்டை நடந்தால் அதிகம். இரண்டே சண்டையுள்ள நாளில் விஸார்ட் எல்லா மந்திரத்தையும் அள்ளிக் கொட்டலாம். சின்ன ஓய்வை நம்பி வாழும் மங்க், வார்லாக் கிளாஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரே கிளாஸ் கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதியில் சரியாகவும் எங்கள் மாடியில் கோணலாகவும் இருப்பது இதனால்தான். எங்கள் மேசைக்காக எழுதும்போது ‘நாளைக்கு இத்தனை தடவை’ என்பதைக் குறைத்து, ‘சண்டைக்கு ஒருமுறை’ என்பதைக் கூட்டுகிறேன். வெளியூருக்கு அனுப்பும் பிரதியில் அதை மாற்றிக்கொடுக்கிறேன்.

வெளியே அனுப்புவது இப்போது எளிது. 2023 ஜனவரியில் உரிமம் பற்றிப் பெரிய ரகளை நடந்து, கடைசியில் அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் தன் கிளாஸை வெளியிடலாம், விற்கலாம். கரந்தை வீரனும் அப்படித்தான் வெளியே போனான்.

இப்போது அவனை மறுபடி பிரித்துப் போட்டிருக்கிறோம். 2024ஆம் ஆண்டுத் திருத்த விதிகளில் முழு ஓய்வுக்குப் பிறகு ஹிட் டைஸ் பாதியில்லை, மொத்தமும் திரும்பி வருகிறது. ஹீலிங் வேர்ட் ஒரு பகடையிலிருந்து இரண்டாகிவிட்டது. எக்ஸாஷன் படிக்கு இரண்டு கழிவு, எல்லா 20 முகச் சோதனையிலும். ஆக, கல் நடுவதற்கான விலை இறங்கிவிட்டது, விழுந்து எழுவதற்கான விலை ஏறிவிட்டது. கல் நடுவதற்கு இரண்டு ஹிட் டைஸ் என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். தம்பி ஒன்றரை ஆக்க வழியுண்டா என்று கேட்கிறான். இரண்டு சண்டை மேசைக்கு இரண்டு அதிகம் என்பது அவன் வாதம், அதில் விஷயம் இருக்கிறது. கிளெரிக் ஆடும் தங்கச்சி இரண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்கிறாள். அவள் சொல்வதையும் தம்பி சொல்வதையும் தனித்தனிப் பிரதியாக எழுதி இரண்டையும் ஆடிக்கொண்டிருக்கிறோம்.